எலுமிச்சம்பழத்துக்கு நின்ற வண்டி

கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சிவசைலம் ஒருவழியாக வாங்கிவிட்டார். தினமும் ஆபீசுக்குத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அவர் கனவு. தெருவில் இறக்க வேண்டுமானால் வண்டியைத் தானே நிறுத்தவும் ஓட்டவும் கூடிய பாதுகாப்புக் கருவி பொருத்த வேண்டும் என்பது சட்டம். பொருத்தினார்.

மனைவி செண்பகம் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். சிவசைலம் ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி உறுமியது; நகரவில்லை.

"முன்னால் தடை உள்ளது" என்றது கார்.

"எலுமிச்சம்பழம்!"

"சிறிய பிராணியாகவும் இருக்கலாம். ஏற்ற இயலாது."

எதிர்வீட்டுப் பிச்சுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, உறுமுறது புலி மாதிரி இருக்கு, பழத்தைப் பாத்துப் பயப்படுதே!"

"பழத்தை எடுத்துரட்டுமா?" என்றார் சிவசைலம்.

"நசுங்காம வண்டி வாசலத் தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள் செண்பகம்.

எஞ்சினை அணைத்தால் கருவியும் தூங்கிவிடும். அணைத்தார்கள். பிச்சுமணியும் தெருக்காரர்களும் பின்னாலிருந்து தள்ள, சிவசைலம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் முதல் கருவியே ஓட்ட, கார் அவரைப் பத்திரமாக ஆபீசுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறது. அவராக ஓட்டியது அந்தத் தள்ளுவண்டித் தூரம் மட்டும்தான்.