திரும்பிய புல்

ஓரம் பெயர்ந்துவிட்டதென்று கூப்பிட்டிருந்தார்கள். மொட்டைமாடிக்கு ஏறியதும் இஸ்ரவேலுக்கு முகம் சுண்டிப்போனது. போன வருடம் அவனே ஒட்டிய செயற்கைப் புல். இழையெல்லாம் கிழக்கே சாய்ந்திருக்க, படிக்கட்டுக்கு முன்னால் அவன் திருப்பி ஒட்டிவிட்ட ஒரு துண்டு மட்டும் மேற்கே சாய்ந்து, தேமல்போல வெளிறிக் கிடந்தது. பிரித்துச் சரியாக ஒட்டிவிடலாமென்று கத்தியை வைத்தான்.

“ஐயோ, ஓரத்த மட்டும் ஒட்டுங்க தம்பி!” வீட்டுக்கார அம்மாள் பதறினாள். “அவருக்குக் கண்ணு சுத்தமாப் போயிடுச்சு. அது கால்ல குத்துனாதான் படி வந்துடுச்சுன்னு நிப்பாரு.”

கணவர் வெறுங்காலோடு நடந்து வந்து, சரியாக அதில் நின்று சிரித்தார்.

“அந்தப் பக்கம் போவாரா?” பூந்தொட்டிகள் இருந்த மறுகோடியைக் காட்டி இஸ்ரவேல் கேட்டான்.

“போய் ரோஜாத் தொட்டியில முட்டிக்குவாரு.”

ஓரத்தை ஒட்டி முடித்தான். பிறகு தொட்டிகளுக்கு முன்னால் ஒரு சதுரம் வெட்டியெடுத்து, சாய்வை விரலால் தடவிப் பார்த்து, மிகக் கவனமாகத் தப்பாக ஒட்டினான்.