மேற்கு என்று ஒரு விடை

நகல் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்குகிறது. போன வருஷம் அவள் படித்த மேல்மாடிப் போட்டித்தேர்வு வகுப்பின் பயிற்சி வினாத்தாள்தான் கண்ணாடிமேல் கிடக்கிறது. முதல் பிரதி சூடாக வந்து விழுந்ததும், பழக்கதோஷத்தில் பென்சிலை எடுக்கிறாள். வடக்கே பார்த்து நிற்பவன் இரண்டு முறை வலப்பக்கமும் ஒரு முறை இடப்பக்கமும் திரும்பினால் எந்தத் திசை? கிழக்கு. மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ள வாத்தியார் தாளின் அடியில் எழுதியிருக்கும் விடையோ மேற்கு. நின்ற இடத்திலேயே வலம், வலம், இடம் என்று திரும்பிப் பார்க்கிறாள். கிழக்கேதான். இரண்டே மதிப்பெண்ணில் தேர்வைக் கோட்டைவிட்டு அவள் வந்து நின்ற அன்று, "உனக்கெல்லாம் எதுக்கும்மா யோசிக்கிற வேலை? போய் ஜெராக்ஸ் எடு" என்று வகுப்பே சிரிக்கும்படி சொன்னவர் அவர். இப்போது அவரே கடை வாசலில் வந்து நிற்கிறார்.

"ஆச்சா? எல்லாம் சரியா இருக்கான்னு பாத்தியா?"

பென்சில் பட்ட தாளை மட்டும் உருவி மேசைக்கடியில் போடுகிறாள். மற்ற அறுபதையும் ஓரம் தட்டி, பூப்போல அடுக்கி நீட்டுகிறாள்.

"பாத்தேன் சார். நீங்க எழுதினது அச்சு அசலா அப்படியே வந்திருக்கு."

கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் விறுவிறுவென்று மாடிப்படி ஏறுகிறார். அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டு, மேலேயிருந்து வரப்போகும் முதல் சிரிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.