இரைச்சலுக்குள் இரைச்சல்

ஸ்கேன் அறைப் பலகையில் அவள் படுத்ததும், என்ன பாட்டு போடட்டும் என்று டெக்னீஷியன் கேட்டான். புல்லாங்குழல் இருக்கிறது, வீணை இருக்கிறது, பழைய சினிமாப் பாட்டும் இருக்கிறது என்றான்.

அவள் காதைக் கிழிக்கும் திராஷ் மெட்டல் ராக் ஆல்பம் ஒன்றின் பெயரைச் சொன்னாள்.

அவன் அவளை இன்னொரு முறை பார்த்தான். முன்முடி நரைத்த மழலையர் பள்ளி டீச்சர். குரல்கூட அதிராது.

"அதைக் கேட்டா உள்ள ஆடிருவீங்கக்கா. தலை ஆடினா படம் கலங்கிடும்."

ஆடமாட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டி, முகத்துக்கு மேல் கூண்டைக் கவிழ்த்துவிட்டுப் போனான். கூண்டில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில், கால்மாட்டுக்கு அப்பால் அவன் உட்காரும் அறையின் சன்னல் தெரிந்தது.

எந்திரம் சம்மட்டியால் அடிப்பதுபோல ஆரம்பித்தது. புல்லாங்குழலாக இருந்தால் முதல் அடியிலேயே செத்திருக்கும். இந்தப் பாட்டு திருப்பி அடித்தது.

கல்லூரி விடுதியில் ஒரு தோழி தந்த கேசட் அது. முதலில் கேட்டபோது தலைவலிதான் வந்தது. மறுவாரம் அதைக் கேட்காமல் தூக்கம் வரவில்லை.

யாரையோ கொலை செய்கிற சத்தம் என்பார் கணவர். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுவாள். நாளெல்லாம் பிள்ளைகளிடம் குழைந்து பேசிவிட்டு வருபவளுக்கு, யாரோ தனக்காகத் தொண்டை கிழியக் கத்துவது இதமாக இருந்தது. அத்தனை வெறியிலும் தாளம் ஒரு இம்மி பிசகாது.

கையிலிருந்து சாக்பீஸ் நழுவத் தொடங்கியபின் அது இன்னும் பிடித்துப்போனது. கணவர், அக்கா, குடும்ப டாக்டர் எல்லோரும் ஒன்றும் இருக்காது என்றே சொன்னார்கள். சாவு என்ற சொல்லைத் தொடாமல் சுற்றி வளைத்துப் பேசினார்கள். அந்தப் பாட்டைப் பாடியவர்கள்தான் சாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள்.

நடுவில் டெக்னீஷியனின் குரல் வந்தது. வகுப்பிலேயே டீச்சர்தான் சமர்த்து என்று கேலி செய்தான்.

அடுத்த முறை, இன்னும் கொஞ்ச நேரம் என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அதன்பிறகு குரலே வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். அவன் எழுந்து நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே போய் ஒரு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். டாக்டரம்மா ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எந்திரம் நின்றது.

பலகை வெளியே நகரும் என்று காத்திருந்தாள். நகரவில்லை.

கடைசிப் பாட்டு பாதியில் இருந்தது. சம்மட்டி ஓய்ந்ததும் அதுவரை அமுங்கிக் கிடந்த கிட்டார்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. சன்னலுக்கு அப்பால் அவன் கை மைக்கின் பொத்தான் வரை போனது. அழுத்தாமல் திரும்பியது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவை போடட்டுமாக்கா?" என்றது குரல்.

வெளியே பெஞ்சில், ஒன்றும் இருக்காதுன்னு நான்தான் சொன்னேனே என்று சொல்லக் காத்திருக்கும் கணவரை நினைத்தாள்.

"போடுப்பா" என்றாள்.