ஒன்பதாவது கலவை

“இதுவும் அது இல்ல” என்று தட்டை நகர்த்தினார் லாரி டிரைவர்.

மனைவி அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ருசி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இது ஒன்பதாவது முயற்சி. இறைச்சித் துண்டில் தடவி வாட்ட, கடையில் வாங்கிய ஸ்டேக் மசாலாவின் காலி டப்பா அடுப்பு மேடையில் இருந்தது. அதன் பின்பக்கம் அச்சிட்டிருந்த அத்தனையையும் அவள் சேர்த்தாயிற்று: ஒன்றிரண்டாய் உடைத்த மிளகு, கொத்தமல்லி விதை, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி. பட்டியலில் முதலாவதாக இருந்த உப்பை மட்டும் விட்டுவிட்டாள். நாக்கை ஏமாற்ற எலுமிச்சைத் தோலைக் காயவைத்துப் பொடித்தும் போட்டுப் பார்த்துவிட்டாள்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். நான்கு மாதம் முன்பு ஒரு காலையில் அவர் கையில் பட்டையைச் சுற்றி அளந்து, பிரஷர் ஏறிக் கிடக்கிறது, இனி வீட்டில் உப்பு கிடையாது என்றாள். மாத்திரை வேண்டாமா என்று கேட்டதற்கு, முதலில் சாப்பாட்டில் குறைத்துப் பார்க்கலாம் என்றாள். பிரஷர் இருந்தால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில், முணுமுணுத்தபடியே அவரும் சாப்பிட்டு வந்தார்.

“நீ எதுக்கு என்கூட சேர்ந்து இந்தக் கண்றாவியைத் திங்கறே? உனக்கு மட்டும் உப்புப் போட்டுக்க வேண்டியதுதானே?”

“எதிர்ல உக்காந்து நான் ருசியா சாப்பிட்டா, நீங்க சும்மா இருப்பீங்களாக்கும்.”

வியாழக்கிழமை அவருக்கு லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனை. இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடச் சொன்னாள். தேதி முடிந்துவிடும் என்று அவர் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் திரும்பியவர், சான்றிதழை மேசையில் விரித்தார். நூற்றிருபதுக்கு எண்பது. டாக்டர் இரண்டு தடவை அளந்தாராம். அதன்மேல் ஒரு புது மசாலா டப்பாவை வைத்தார்.

“உன் பத்தியம் வீண் போகலை. பாவம், நீயும்தான் நாக்கைக் கட்டிட்டுக் கிடந்தே. இன்னிக்கு ரெண்டு துண்டுலயும் இதையே தடவு.”

அவள் வேலைக்குப் போய்வந்த சேலைகூட மாற்றியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உங்க துண்டுல மட்டும் தடவிக்கங்க. உங்களுக்கு பிரஷர் எப்பவுமே இல்லை. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவர் சான்றிதழை எடுத்து அந்த எண்களை மறுபடி பார்த்தார்.

“எனக்குன்னு தனியா சமைச்சா ஏன்னு கேட்டிருப்பீங்க. பதினாறு டன் ஏத்திட்டுப் போற மனுஷன் தலைல இதையும் ஏத்த வேணாம்னு பார்த்தேன்” என்றாள். “உப்பு ஆகாதது எனக்குத்தான். ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிடுச்சுங்க.”