கல்லின் மேல் கை

கடலடியில் குழாயை இறக்கி எடுத்த சேற்றுத் தூணை நீளவாக்கில் பிளந்து, கப்பலின் ஆய்வறை மேசையில் கிடத்தியிருந்தார்கள். சேற்றின் நடுவே ஒரு கல். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள் ஜெசிந்தா. தலைக்கு மேலே தண்டவாளத்தில் கேமரா காத்திருந்தது. பனிப்பாறைகளோடு மிதந்து வந்த கற்களைப் படமெடுக்குமுன் பிடுங்கி வாளியில் போட்டுவிடுவது அங்கே வழக்கம்.

“எடுத்துப் போடும்மா. எங்கேயோ உடைஞ்ச பனிப்பாறை சுமந்துட்டு வந்து, உருகுறப்போ விட்டுட்டுப் போன கல்லு” என்றார் குழுத்தலைவர் சபேசன். பனிப்படலம் இவ்வளவு தூரம் பரவியதே இல்லை என்று சொல்லும் வரைபடம் அவருடையது.

“மேலேயிருந்து விழுந்த கல்லுன்னா அடிச்சேறு கொழகொழன்னு இருக்கணும் சார். அமுக்கிப் பாருங்க.”

அவர் கட்டைவிரலால் அமுக்கினார். விரல்தான் வலித்தது. மலையளவு பாரம் ஏறி உட்கார்ந்து எழுந்துபோன சேறு அது.

“ஒத்தக் கல்லுக்காக நான் வரைபடத்தையே மாத்தணுமாக்கும்?”

“ஐஸ் இங்க வந்துட்டுப் போயிருக்கு சார். உங்களக் கேட்டுக்கிட்டா வரும்?”

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். சபேசனின் முகம் இறுகியது.

“கையை எடு. படம் கெட்டுப்போகும்.”

“கல்லோட எடுக்குறதா இருந்தா கையை எடுக்குறேன். இல்லன்னா கையோடவே எடுங்க. பாக்குறவங்க கேக்கட்டும், கீழே என்னன்னு.”

அவர் பொத்தானை அழுத்தினார். கேமராவின் வெளிச்சம் தூணின் மேல் மெல்ல ஊர்ந்து வந்தது. அலையில் கப்பல் சாய, மற்றவர்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்கள். ஜெசிந்தாவுக்கு அந்தக் கல்தான் பிடிமானம். அதன் குளிர் முழங்கை வரை ஏறியிருந்தது. வெளிச்சம் அவள் விரல் நுனியைத் தொட்டது.