நீலத் திரை நிற்கும் நேரம்

சபேசன் போன் செய்தபோது ஜெசிந்தா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். போன மாதம் அவளை வேலையிலிருந்து நீக்கிய மேலாளர் அவர்தான்.

"லினக்ஸ் சர்வர் கிளம்ப மாட்டேங்குதும்மா. செக்யூர் பூட்னு அந்தப் பாதுகாப்புச் சோதனை உள்ளயே விடல. இப்ப முதலாளி வந்துருவாரு. என் சீட்டு கிழிஞ்சிரும்."

"நீலத் திரை வருதா சார்?"

"வந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு தானாப் போயிருச்சு."

அது நிற்கும் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் போதும், பழுதைச் சரிசெய்யும் வழி திறந்துவிடும்.

நீக்கப்பட்ட அன்று அவரிடம் ஒரு வார்த்தை பேச, அவரது கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளும் அப்படிக் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கைப்பேசியில் குனிந்துகொண்டார்.

ஜெசிந்தா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"மறுபடி ஆன் பண்ணுங்க சார். திரை வந்ததும் எதையும் தொடாமப் பாத்துக்கிட்டே இருங்க."