கெட்டி ஆயில்

அவள் கேட்ட கேனை எடுக்கப் போன ரபீக் பாய் பாதியில் நின்று திரும்பினார்.

"எந்த வண்டிக்குங்க அக்கா? உங்க பழைய டிராக்டருக்கா?"

ஆமாம் என்றாள். கியர் பெட்டி ஆயில் மாற்ற வேண்டும். தொண்ணூறு ஆயில். கெட்டியானது.

"அது ஆயில் பிரேக் வண்டிங்க. பிரேக் பிளேட்டும் அதே ஆயிலுக்குள்ளதான் கெடக்குது. இந்தக் கெட்டி ஆயில ஊத்துனா கியருக்கு ஒண்ணும் ஆகாது. பிரேக் வழுக்கிரும். எறக்கத்துல மிதிச்சீங்கன்னா நிக்காதுங்க."

அவள் கல்லா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க இத வாங்கச் சொன்னது?"

மேஜையிலிருந்து கையை எடுத்தாள்.

"மெக்கானிக்," என்றாள்.

"கூறு கெட்டவனா இருப்பான்போல. உங்க வீட்டுக்காரரு காதுல விழுந்தா அவன் தோல உரிச்சிருவாரு. நான் ஒருக்கா தெரியாம இதே தொண்ணூற மாத்திக் குடுத்துட்டேன். கேனத் திருப்பிக் கொண்டாந்து இதே எடத்துல வெச்சு, 'என்ன பாய், ஆளக் கொல்லப் பாக்கறயா'ன்னு ஒரு சத்தம் போட்டாரு. இன்னும் காதுக்குள்ள நிக்குதுங்க."

ரபீக் சிரித்தார். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

அவள் புருஷன் நாச்சிமுத்துவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து ஒன்றரை வருடம். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. நினைவும் அப்படியே. ஸ்டீயரிங் பிடித்த கைதான் மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

விழுந்த முதல் மாதமே வண்டியை விற்றுவிடச் சொன்னார். அவள் விற்கவில்லை. ஓட்டப் பழகினாள். வரப்பை இடித்தாள், வேலியில் ஏற்றினாள், மறுபடியும் பழகினாள்.

ஊர் சிரித்தது. பிறகு கூப்பிட்டது.

இப்போது உழவுக்குச் சொல்ல வருகிறவர்கள் வாசல் கட்டிலில் இருப்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா இருக்குதுங்களா?" என்கிறார்கள்.

அப்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று அவளும் இருந்துவிடுவாள்.

நேற்று எந்த ஆயில் வாங்குவது என்று கேட்டபோது கண்ணைத் திறந்தார்.

"தொண்ணூறு வாங்கு. நல்லாக் கெட்டியா. கடைக்காரன் வேற எதாச்சும் சொன்னாக் கேக்காத."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். அதிலேயே அவளுக்கு மனம் நிறைந்துபோயிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ராத்திரி அவருக்குப் பிடித்த கொள்ளு ரசம் வைத்தாள்.

ரபீக் சரியான கேன்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

மறதியாக இருக்கும். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். படுத்தே கிடக்கிற உடம்பு. மறக்காதா.

வீட்டுக்கு வந்ததும் கேன்கள்மேல் சாக்கைப் போட்டு மூடினாள். ஏன் மூடுகிறாள் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை இறக்கினாள். புதிதை ஊற்றினாள். முடியும்வரை அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னதுதான?"

"நீங்க சொன்னதுதானுங்க. தொண்ணூறு."

தலையை அசைத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். வண்டியைக் கிளப்பினாள்.

"வாய்க்கா மேட்டு வழியாத்தான் போறனுங்க," என்றாள். "அந்த எறக்கத்துல."

காத்திருந்தாள்.

அவர் உதடு அசைந்த மாதிரி இருந்தது. அவசரமாக எஞ்சின் சத்தத்தைக் குறைத்தாள். ஒரு சொல்கூடத் தவறிவிடக் கூடாது.

நில்லு புள்ள என்றால் போதும். காரணம் சொல்ல வேண்டாம். கீழே இறங்கிவிடுவாள். சாகும்வரை ஏன் என்று கேட்கமாட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"போறப்ப கேட்டச் சாத்திட்டுப் போ," என்றார். "நாய் வருது."

சாத்திவிட்டுப் போனாள்.

வாய்க்கால் மேட்டு இறக்கத்தில், நட்டநடுவில், பிரேக்கை மிதித்தாள்.

வண்டி நின்றது. ஒரு சாண்கூட வழுக்காமல் நின்றது.

அவள் காலை எடுக்கவில்லை.

பின்னால் மொபெட்டில் வந்த பால்காரர் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னுங்க அக்கா? பிரேக் புடிக்கலீங்களா?"

"புடிக்குதுங்க," என்றாள்.

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நல்லாவே புடிக்குது."